லாரித் தொட்டியில் நெட்: அறுவடைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு

தை பிறக்கும்போது ஆத்தூர், கள்ளக்குறிச்சி, பெரம்பலூர்ப் பக்கத்துக் கதிர் அறுக்கும் மெஷின்கள் லாரியேறித் தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்துசேரும். மெஷினோடு டிரைவர், ஹெல்பர், ஸ்டவ், அரிசி மூட்டை, போர்வை. சம்பா தாளடி முடியும்வரை லாரித் தொட்டிதான் வீடு. மேலே தார்ப்பாய், கீழே வைக்கோல். இப்படி இருபத்திரண்டு பருவம் படுத்து எழுந்தவன் நான். இப்போது முழங்கால் இடம் கொடுக்கவில்லை, மெஷினை மருமகன் கொண்டுபோகிறான்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். சம்பளம் என்ன? அங்கே நெட் கிடைக்குமா? முதல் கேள்வியை முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன். கிடைக்கும், செலவும் அதிகம் ஆகாது. ஆனால் காசை எடுப்பதற்கு முன் காலை எடுத்து நடக்க வேண்டும். பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊருக்குள் வந்த அன்றே பெரிய பிளானாகப் போட்டுவிட்டு, புள்ளி வரவில்லை என்று மறுநாள் டவரைத் திட்டுகிறார்கள்.

1. நெட் எதற்கு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தொழிலுக்கு வேண்டியது கொஞ்சம்தான். விவசாயி அனுப்பும் வயல் லொகேஷன், மணிக்கணக்கு முடிந்ததும் வாங்கும் பணம், பிய்ந்துபோன பாகத்தின் படம். இது மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஐம்பது எம்பி ஆகாது. ஆனால் அந்த ஐம்பது எம்பி இல்லாவிட்டால் மெஷின் நிற்கும். ஒருமுறை திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு பெல்ட் அறுந்தது. அறுந்த துண்டில் இருந்த நம்பரைப் படம் எடுத்து ஆத்தூர்க் கடைக்கு அனுப்பினோம். ராத்திரி பஸ்ஸில் பார்சல் ஏறியது, காலை பத்து மணிக்கு மெஷின் இறங்கியது. அதற்கு முந்தைய காலத்தில் என்றால் ஹெல்பர் அறுந்த பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய், மறுநாள் ராத்திரி திரும்புவான். விதைத்தவர் வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மற்றதெல்லாம் வீட்டுக்குப் பேசுவதும் படம் பார்ப்பதும். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். இருபது வயதுப் பையனை இரண்டு மாதம் நடு வயலில் போட்டுவிட்டு, படம் பார்க்காதே என்றால் அவன் ஓடிப்போவான். ஆனால் இது வேறு கணக்கு, அது வேறு கணக்கு.

2. மூன்று பேர் வந்தால் மூன்று கம்பெனி சிம் இருக்கட்டும். வீட்டில் ஒரே கம்பெனி என்பதால் எல்லாரும் அதையே கொண்டுவந்தால், எல்லாருக்கும் சேர்ந்தே சிக்னல் போகும். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், வோடபோன் ஐடியா இதில் எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். அம்மாபேட்டையில் நல்லது மன்னார்குடியில் மோசம், சாலைக்கு இந்தப் பக்கம் நல்லது அந்தப் பக்கம் மோசம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாடே நம்பர் மாற்றக் கடை வாசலில் நின்றதே, ஒரே கூடையில் முட்டை வைத்த கதைதான் அது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி இல்லை என்று ஒதுக்கியவர்களும் மறுபடி பார்க்கலாம். உள்நாட்டிலேயே செய்த கருவிகளோடு 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கச் சுமார் 97,500 டவரில் அதைத் தொடங்கினார்கள்.

காரைக்காலுக்குள் அறுக்கப் போனால் பயப்பட வேண்டாம். மாநிலம் மாறினாலும் போன்காரர்களுக்கு அது தமிழ்நாட்டு வட்டம்தான்.

3. எந்த சிம் எடுக்கும் என்று ஊரில் யாரைக் கேட்பது? ரீசார்ஜ் கடைக்காரரைக் கேட்காதீர்கள். கமிஷன் எதில் கூடுதலோ அதைத்தான் சொல்வார். நேராக நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பட்டியல் எழுத்தரைக் கேளுங்கள். அந்த நிலையங்கள் பாதி ஊருக்கு வெளியே, திறந்த களத்தில்தான் இருக்கும். விவசாயியின் ஆன்லைன் பதிவைப் பார்க்கவும் கைரேகை வாங்கவும் அவருக்கு நெட் வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை நகராது, திட்டு அவருக்கு விழும். அதனால் எந்த சிம் எந்த மூலையில் எந்த நேரத்தில் எடுக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. இந்த யோசனையை எனக்குச் சொன்னவர் ஒரு கீதாரி. கீதாரி என்றால் ராமநாதபுரத்திலிருந்து ஆட்டோடு வந்து, நாம் அறுத்த வயலில் கிடை போடுகிறவர். ஊர் ஊராக நடக்கிறவர்களுக்குத் தெரிந்தது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

4. லாரியை நிறுத்துவதற்கு முன் நடங்கள். இது முக்கியம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

போனில் தெரியும் புள்ளியை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி காட்டும். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’, அதற்குள் ‘சிம் ஸ்டேட்டஸ்’ போனால் சிக்னல் பலம் என்று மைனஸ் போட்டு ஒரு எண் வரும். மைனஸ் 85 என்றால் ராஜா. மைனஸ் 105 வரை ஓட்டலாம். மைனஸ் 115 தாண்டினால் அங்கே ஸ்டவ் பற்றவைக்காதீர்கள், அடுத்த இடம் பாருங்கள். மைனஸ் எண் என்பதால் சின்ன எண்தான் நல்லது. முதல் வருஷம் நானே இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 118 வந்ததும் சந்தோஷப்பட்டேன்.

வயலைச் சுற்றி மூன்று இடத்தில் எடுங்கள்: வரப்பு முனை, பம்புசெட் கொட்டகை, திடல். ஒவ்வொரு இடத்திலும் ஃபிளைட் மோடு போட்டு எடுத்து, ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் பழைய டவரையே பிடித்துக்கொண்டு பொய் எண் காட்டும். விவசாயி "இங்கன நிறுத்திக்குங்க தம்பி" என்று காட்டுகிற இடத்துக்கும் நல்ல சிக்னல் இடத்துக்கும் சில நேரம் நாற்பது அடிதான் இருக்கும். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். "டவர் எடுக்கலீங்க ஐயா, அந்தத் திடல்ல நிறுத்திக்கவா" என்றால் அவருக்கும் அந்தக் கஷ்டம் தெரியும். அவர் வீட்டுப் பையன் துபாயிலிருந்து கூப்பிடும்போது அவரும் மொட்டை மாடிக்குத்தான் ஓடுகிறார்.

இந்த நடைக்கு ஆகும் செலவு கால் மணி நேரம்.

5. டெல்டா தட்டையான பூமி. மலை இல்லை, பாறை இல்லை. எங்கள் ஹெல்பர்களில் ஒருவன் கல்வராயன் மலைப் பையன். இங்கே வந்த முதல் வாரம் நாலு பக்கமும் வானம் தரையைத் தொடுவதைப் பார்த்து மிரண்டுபோனான். இந்தத் தட்டை நமக்குச் சாதகம், டவர் நேராகத் தெரியும். சிக்னலை மறிப்பது மரம்தான். தென்னந்தோப்பும் மூங்கில் கொத்தும் ஈர இலையோடு நின்றால் அலையை உறிஞ்சிவிடும். மழை பெய்த மறுநாள் சிக்னல் குறைகிறது என்றால் பாதிக் காரணம் இலை மேல் நிற்கிற தண்ணீர்.

எல்லா அலையும் ஒரே மாதிரி இல்லை. 700, 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை தூரம் போகும், தோப்பையும் ஓரளவு துளைக்கும், ஆனால் வேகம் கம்மி. 2300 பக்கம் இருப்பது வேகம், ஆனால் தோப்பு வந்தால் செத்துவிடும். 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்த் திட்டம் போட்டு போன் கொடுத்ததே, அது எங்கள் காலத்தில் நடு வயலிலும் எடுத்தது தாழ்ந்த அலையால்தான். 2016 செப்டம்பர் 5-ல் வந்த ஜியோவிடமும் அதே 850 அலை இருக்கிறது. அதனால் சிக்னல் எட்டும் ஓரத்தில் இருக்கும்போது உங்கள் போன் 5ஜி, 4ஜி என்று மாறி மாறி அலைந்தால், 4ஜி மட்டும் என்று பூட்டிவையுங்கள். பேட்டரியும் மிஞ்சும்.

6. இரும்புக்குள் உட்காராதீர்கள். லாரி கேபின் இரும்பு, மெஷின் கேபின் இரும்பு, தகரக் கொட்டகை இரும்பு. உள்ளே எண் பத்து கூடினால் வெளியே வந்து பேசுங்கள்.

எங்கள் பையன் ஒருவன் சிக்னல் வேண்டும் என்று போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பனி படாமல் இருக்க எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைத்து, மூடியும் போட்டு, மூங்கிலில் கட்டி இருபது அடி உயரத்துக்கு ஏற்றினான். கீழே நாலு பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. இன்னும் உயரம் போதவில்லை என்று இன்னொரு மூங்கில் தேடப் போனார்கள். நான்தான் இறக்கி, பாலித்தீன் கவரில் சுற்றி, துணிப்பையில் போட்டு ஏற்றச் சொன்னேன். உடனே வந்தது. அந்தப் பையனுக்கு இன்றுவரை பெயர் ‘தூக்குவாளி’.

7. உயரம் நல்லது. மெஷினின் தானியத் தொட்டி ஏணி மேலேயே பத்தடி கிடைக்கும், மூங்கில் கழி கட்டினால் இன்னும் கூடும். ஆனால் ஒரு விஷயத்தை எச்சரிக்கையோடு சொல்கிறேன். வயலுக்கு மேலே போகும் இபி கம்பி பல இடத்தில் தொய்ந்து கிடக்கும். பகலில் அண்ணாந்து பார்க்காமல் கழியை நிமிர்த்தாதீர்கள், ராத்திரியில் நிமிர்த்தவே நிமிர்த்தாதீர்கள். குறுவை அறுவடைக்கு வருகிறவர்கள் புரட்டாசி ஐப்பசி இடி மின்னலில் கழியை இறக்கிப் படுக்கப் போட்டுவிட வேண்டும். நெட் நாளைக்கு வரும்.

8. டேட்டா கணக்கு. தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று தருகிற பிளானில் அளவு முடிந்ததும் நெட் முழுக்க நிற்பதில்லை, 64 கேபிபிஎஸ் மாதிரி ஆமை வேகத்துக்கு இறங்கும். நடு ராத்திரி பன்னிரண்டுக்கு மறுபடி நிரம்பும். வீடியோவைத் தெளிவு குறைத்து 480-ல் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிக்குச் சற்று மேலே. முழுத் தெளிவில் பார்த்தால் ஒன்றரை ஜிபியைத் தாண்டும். ஆறு அங்குலத் திரையில், புழுதி படிந்த கண்ணாடிக்கு முழுத் தெளிவு எதற்கு? வாட்ஸப்பில் குரல் அழைப்பு மணிக்கு முப்பது எம்பி அளவுதான், வீடியோ அழைப்பு அதைப்போல் பத்து மடங்கு.

வாட்ஸப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை முதல் நாளே அணைத்துவிடுங்கள். குடும்பக் குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்கள் சாப்பிடும் டேட்டாவில் ஒரு பெல்ட் ஆர்டர் போட்டுவிடலாம். கூகுள் மேப்பில் தஞ்சாவூர், திருவாரூர், நாகை மூன்றையும் ஊரில் வீட்டு வைஃபை இருக்கும்போதே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். வழி பார்க்க அப்புறம் நெட்டே வேண்டாம். ஆனால் மேப் வாய்க்கால் பாலத்தின் அகலத்தைச் சொல்லாது. மெஷின் ஏறுமா என்று இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

9. விலை கூடும் என்பதை எதிர்பார்த்தே இருங்கள். 2024 ஜூலை தொடக்கத்தில் மூன்று தனியார் கம்பெனியும் ஒரே வாரத்தில் ஏற்றியது ஞாபகம் இருக்கும். மூன்று சிம்மிலும் முழு பிளான் போட்டால் பணம் பாழ். ஒன்றில் மட்டும் டேட்டா போடுங்கள். மற்றது பேச மட்டும். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் ஒன்றாவது வைத்தே தீர வேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது, அதை 365 நாள்வரை தரலாம் என்றும் சேர்த்தது. ஆப்பில் அது முகப்பில் தெரியாது. கீழே கீழே தள்ளிப் போனால் மூலையில் இருக்கும்.

எந்த சிம் இந்தப் பருவத்தில் எடுக்கும் என்று தெரிந்த பிறகே டேட்டாவை எதில் போடுவது என்று முடிவு. முதல் இரண்டு நாளுக்குச் சின்ன டேட்டா பேக் போதும். 28 நாள், 84 நாள் எல்லாம் நடந்து பார்த்த பிறகு. பிடிக்காத கம்பெனியை விட்டு நம்பரோடு மாறவும் வழி உண்டு. PORT என்று எழுதி இடைவெளி விட்டு நம்பரை 1900-க்கு எஸ்எம்எஸ் செய்தால் குறியீடு வரும். ஆனால் இருக்கிற கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பருவத்தின் நடுவில் அதைச் செய்யாதீர்கள். விவசாயி கூப்பிடும் நேரத்தில் நம்பர் ஊமையாக இருக்கும், புரோக்கர் அந்த வயலை வேறு மெஷினுக்குக் கொடுத்துவிடுவார். உழவன் செயலியில் மெஷின்காரர்கள் பட்டியலில் உங்கள் முதலாளி கொடுத்திருக்கும் நம்பர் எதுவோ, அது எந்நேரமும் உயிரோடு இருக்க வேண்டும்.

10. ஒரு ஹாட்ஸ்பாட்டில் நாலு பேர் இருந்தால் முறை வையுங்கள். இந்த மண்ணில் தண்ணீருக்கு முறைப்பாசனம் உண்டு, தலைமடைக்காரர் அடைக்காவிட்டால் கடைமடைக்குச் சொட்டும் வராது. நெட்டும் அப்படித்தான். ஒருவன் படம் இறக்கினால் மற்ற மூவருக்கும் வட்டம் சுற்றும். நாங்கள் வைத்திருந்த முறை: சாப்பாட்டு நேரம் யாரும் படம் போடக் கூடாது, அது வீட்டுக்குப் பேசும் நேரம். ஒன்பதுக்கு மேல் படம். கல்யாணமாகிப் புதிதாக வந்தவனுக்கு அரை மணி கூடுதல். இதை எழுதிவைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை.

ராத்திரி எட்டிலிருந்து பதினொன்றுவரை டவரே திணறும், ஊரே அதில்தான் இருக்கும். விடிகாலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் பறக்கும். தை மாசியில் பனி காய்ந்த பிறகுதான் மெஷின் இறங்கும், அதுவரை நமக்குக் கை சும்மா. ஆப் புதுப்பிப்பு, பணக் கணக்கு, வீட்டுக்கு வீடியோ எல்லாம் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பள்ளிக்குக் கிளம்புவதையும் பார்க்கலாம்.

அந்த மலைப் பையனுக்கு இது எதுவும் உதவவில்லை. இங்கே டவர் எடுக்கும், அவன் ஊரில் எடுக்காது. அவன் அம்மா சந்தைக்கு இறங்கும் நாளில் மட்டும் பேசுவான். அன்றைக்கு அவனை மெஷின் மேலே ஏற்ற மாட்டோம்.

11. தனி ரவுட்டரும் ஆன்டெனாவும் வாங்குவது இரண்டாவது பருவத்தில். முதல் வருஷம் வேண்டாம். வாங்கினால் சிம் போடும் 4ஜி ரவுட்டர், அதில் வெளி ஆன்டெனா மாட்டத் திருகு முனை இருக்க வேண்டும். டவர் இருக்கும் திசைக்குத் திருப்பும் ஆன்டெனா இரண்டு. ஒயர் நீளம் கூடக்கூட சிக்னல் வழியிலேயே கரையும், பத்து மீட்டர் மெல்லிய ஒயர் போட்டால் ஆன்டெனா சேர்த்ததை ஒயர் தின்றுவிடும். ரவுட்டரையே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கழி மேல் ஏற்றி, கரண்ட் ஒயரை மட்டும் கீழே விடுவது மேல்.

கரண்ட் எங்கிருந்து என்பீர்கள். மெஷின் பேட்டரி 12 வோல்ட். ரவுட்டர் ஆறு வாட் அளவு இழுக்கும், பத்து மணி நேரத்துக்கு ஐந்து ஆம்பியர்-மணி. பெரிய பேட்டரிக்கு அது கொசுக்கடி. ஆனால் இரண்டு விஷயம். அடாப்டர் பின்னால் 9 வோல்ட் என்றிருந்தால் நேரே கொடுக்காதீர்கள். 12 என்றிருந்தாலும் இன்ஜின் ஓடும்போது பதினாலுக்கு மேல் போகும். நடுவில் வோல்டேஜைச் சீராக்கும் சின்னக் கன்வெர்ட்டர் போட்டுவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். லாரியில் 24 வோல்ட் இருக்கலாம், பார்க்காமல் சொருகினால் புகை வரும். எனக்கு ஒருமுறை வந்தது, 2,600 ரூபாய்ப் புகை.

12. சிக்னல் பூஸ்டர், ரிப்பீட்டர் என்று ஆன்லைனில் விற்பதை வாங்காதீர்கள். ரவுட்டர் ஆன்டெனா வேறு, இது வேறு. இது டவர் அலையை வாங்கிப் பெருக்கித் திரும்ப அடிக்கும். அனுமதி இல்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம், சுற்று வட்டாரத்தில் எல்லார் போனையும் கெடுக்கும். யார் கெடுக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்கக் கருவியோடு ஆள் வருவார்கள்.

13. ஒரே ஊரில் ஒரு மாதம் தங்குவது உறுதி என்றால், நெல் அரவை மில்லையோ டீக்கடையையோ பாருங்கள். கேபிள்காரர் இழுத்த ஃபைபர் இன்று சின்ன ஊரிலும் இருக்கிறது, இபி கம்பத்திலேயே தொங்கி வரும். சாலியமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு மில்லில் முதலாளி பையன் எங்களுக்குக் காட்டிய வித்தை இது. மில் கூரையில் ஒரு தட்டு, எங்கள் கழியில் ஒரு தட்டு, இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தபடி. முக்கால் கிலோமீட்டர், நடுவில் அறுத்த வயல் மட்டும். மில் வைஃபை எங்கள் தார்ப்பாய்க்குள் வந்தது. அந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 2018-லேயே லைசென்ஸ் விலக்கு வந்துவிட்டது. தட்டு அவனுடையது, நாங்கள் கொடுத்தது மாதத்துக்கு இருநூறு ரூபாயும், அவர்கள் மூன்று மா நெல்லை முதல் ஆளாக அறுத்ததும்தான். டீக்கடைக்காரர் வைஃபை கொடுத்தால் டீயையும் அங்கேயே குடியுங்கள்.

கம்பெனிகள் வீட்டுக்கு வைக்கும் ஏர்ஃபைபர் பெட்டியைக் கேட்டு ஒரு பையன் வந்தான். அது ஒரு விலாசத்துக்குக் கொடுப்பது. நமக்கு விலாசம் ஏது?

14. சாட்டிலைட் தட்டு? ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் மத்திய அரசு உரிமம் கொடுத்தது உண்மை. அமெரிக்காவில் வண்டி வீட்டோடு காட்டுக்குள் போகிறவர்கள் அதைத்தான் கூரையில் வைக்கிறார்கள். அவர்கள் போகும் இடத்தில் ஐம்பது மைலுக்கு டவர் இருக்காது. நாம் போகும் இடத்தில் எந்தத் திடலில் ஏறினாலும் ஏதோ ஒரு டவரின் சிவப்பு விளக்கு தெரியும்.

15. நெட் சுத்தமாகப் போன நாளில் பணம் வாங்கவும் அனுப்பவும் *99# இருக்கிறது. பேங்கில் கொடுத்த நம்பரிலிருந்து அடித்தால் போதும், சாதாரண சிக்னலிலேயே ஓடும், ஒரு தடவைக்கு ஐயாயிரம்வரை. ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பழகிக்கொண்டு வாருங்கள். வரப்பில் விவசாயியை நிற்க வைத்துக்கொண்டு பழகக் கூடாது.

16. சந்தை முனையில் குடை போட்டு சிம் விற்பவரிடம் கைரேகை வைக்கும்போது கவனம். "சரியா விழல, இன்னொரு தடவ வைங்க" என்றால் அந்த இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் பிறக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே நீக்கச் சொல்லலாம். ஒருவர் பெயரில் ஒன்பதுக்கு மேல் கூடாது. மெஷினுக்கு முன்பணம் போட்டேன், தப்பாகக் கூடப் போய்விட்டது, திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது கூப்பிட்டால், முதலில் பேங்க் கணக்கைப் பாருங்கள், எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

17. ஒரு நோட்டு வையுங்கள். ஊர் பெயர், எந்தத் திடல், எந்த சிம், என்ன எண், எந்த மாதம், யாரைக் கேட்டு நிறுத்தினோம். அடுத்த வருஷம் இருட்டில் வந்து இறங்கினாலும் நேரே போய் நிறுத்தலாம். கிளம்பும்போது கழியை எடுத்துவிட்டு, வரப்பில் தோண்டிய குழியை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

என் நோட்டு மருமகனிடம் இருக்கிறது, கேட்டால் தருவான். அதில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து இடங்களைப் பார்க்கும்போது மட்டும் தேதியைப் பாருங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தது, அந்தப் பக்கத் தென்னையெல்லாம் படுத்துவிட்டது. அடுத்த தையில் நான் போனபோது, அதற்கு முன் 112 காட்டிய இடங்கள் 96, 94 என்று காட்டின. மரம் போட்டவர் வீட்டில் அழுகை நிற்காத நேரம், எனக்கு அந்த எண்ணை எழுதவே கை வரவில்லை. இருந்தும் எழுதினேன். அப்புறம் நட்ட கன்றுகள் இப்போது டவர் தெரியாத உயரத்துக்கு வந்துவிட்டன என்று போன மாசியில் மருமகன் சொன்னான். அந்த மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டுப் புதிதாக நடந்து எடுங்கள்.